தாலுகாவுக்கு ஒரு கல்லூரி திறந்ததால் பட்டத்துக்கு மதிப்புப் போய்விட்டதா?

"தாலுகாவுக்கு ஒரு கல்லூரி திறந்து ஆளாளுக்கு டிகிரி கொடுத்துவிட்டார்கள். தமிழ்நாட்டுக்கு இத்தனை கல்லூரி தேவைதானா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் சென்னையிலோ கோவையிலோ வளர்ந்தவர் என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் மன்னித்துவிடுங்கள். பஸ் ஏறி அரை மணி நேரத்தில் போய்விடக் கூடிய நாலைந்து கல்லூரிகளில் எது நல்லது என்று பார்த்துச் சேர்ந்தவருக்கு, ஐந்தாவது கல்லூரி எதற்கு என்று தோன்றுவது இயல்புதான். எங்கள் ஊரில் கேள்வியே வேறு.

நான் தர்மபுரி மாவட்டத்துக்காரி. என் அக்கா 1994இல் பிளஸ் டூ முடித்தாள். கணக்கில் 200க்கு 171. அந்த வருடம் எங்கள் பள்ளியில் அதுதான் கணக்கில் அதிக மார்க். தர்மபுரி அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கும். ஆனால் கிராமத்திலிருந்து 38 கிலோமீட்டர். காலையில் போக ஒரு பஸ் இருந்தது. திரும்பி வரும் பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிடும்போது ராத்திரி எட்டு மணி ஆகிவிடும். அங்கிருந்து வீட்டுக்கு இருட்டில் இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். "வயசுப் பிள்ளை எட்டு மணிக்கு ரோட்டில் நடந்து வரணுமா?" என்றார் அப்பா. அடுத்த தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம்.

2001இல் என் முறை வந்தபோது பஸ் மாறவில்லை. மாமா வேலை மாற்றலாகித் தர்மபுரிக்கு வந்திருந்தார். அவர் வீட்டில் தங்கிப் பி.எஸ்சி. கணிதம் படித்தேன். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். அக்காவைவிட எனக்குக் கணக்கில் 20 மார்க் குறைவு. இதை எழுதும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. எங்கள் இரண்டு பேருக்கும் இருந்த வித்தியாசம் மாமா வீடு, அவ்வளவுதான்.

எல்லாம் தொலைவு சம்பந்தப்பட்டதுதான். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கியது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்தது 1929இல். மதுரைக்கு ஒன்று கிடைக்க 1966 ஆயிற்று. கோவைக்கும் திருச்சிக்கும் 1982, திருநெல்வேலிக்கு 1990. எங்கள் பக்கத்துக்குச் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் வந்தது 1997இல்தான். அதுவரை தர்மபுரிக் கல்லூரியில் படித்தவர்களுக்கும் சென்னைப் பல்கலைக்கழகம்தான். மார்க் ஷீட்டில் பெயர் ஒரு எழுத்து தப்பாக வந்தால்கூட அதைத் திருத்த ராத்திரி பஸ் பிடித்துச் சென்னை போனதாக என் சீனியர்கள் சொல்வார்கள்.

மத்திய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 18 முதல் 23 வயது வரை உள்ளவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் உயர்கல்வியில் சேர்ந்திருப்பவர்கள் தமிழ்நாட்டில் 47 சதவீதம், இந்தியா முழுக்க 28.4 சதவீதம். இந்த 47க்குள் எங்கள் வீட்டைப் போன்ற வீடுகளில் பிறந்த பெண்களும் இருக்கிறார்கள். பட்டத்தின் மதிப்பைக் காப்பதற்காக இவர்களை வீட்டிலேயே உட்கார வைத்திருக்க வேண்டுமா?

"ஒரு வரி பிழையில்லாமல் எழுதத் தெரியாத பட்டதாரிகளை நான் பார்த்திருக்கிறேன்" என்று யாராவது பின்னூட்டம் போடுவார்கள். நானும் பார்த்திருக்கிறேன், அவர்களுக்குப் பாடமும் எடுத்திருக்கிறேன். தரம் குறையவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. குறைந்ததற்குக் காரணம் கல்லூரி திறந்தது அல்ல என்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கோபத்தில் பாதி சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் மேல் உள்ள கோபம் என்று தோன்றுகிறது. 1984க்குப் பிறகு வரத் தொடங்கியவை அவை. 2010 வாக்கில் ஐந்நூறைத் தாண்டி, பிறகு சேர ஆள் இல்லாமல் வரிசையாக மூடப்பட்டன. அப்படி ஒன்றில் நான் நாலு வருடம் கணிதம் எடுத்தேன். ஆனால் நான் இங்கே பேசுவது அரசுக் கல்லூரிகளைப் பற்றி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இப்போது நான் ஓர் அரசு கலை அறிவியல் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர், அதாவது நிரந்தரம் இல்லாத ஆசிரியர். புதிதாகத் திறந்த கல்லூரி. முதல் இரண்டு வருடம் கட்டடம் இல்லாமல் அரசு மேல்நிலைப் பள்ளியின் பின்பக்க அறைகளில் நடத்தினோம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் கல்லூரிப் பெண்கள் முட்டி இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். சேர்க்கை நாளில் ஓர் அம்மா மகளோடு வந்தார். கூலி வேலைக்குப் போகிறவர். என்ன பாடம், படித்தால் என்ன வேலை, எதையும் கேட்கவில்லை. "சாயங்காலம் ஆறு மணிக்குள்ள வீட்டுக்கு வந்துருவாளா மேடம்?" என்று மட்டும் கேட்டார். வந்துவிடுவாள் என்றேன். கையெழுத்துப் போட்டார். அந்த நேரத்துக்கு எனக்கு அக்காதான் கண்ணில் நின்றாள்.

அந்தப் பெண் தினமும் வந்தாள், நன்றாகவும் படித்தாள். ஆனால் அவளுக்கு நாங்கள் என்ன கொடுத்தோம்? கணிதத் துறையில் நிரந்தரப் பேராசிரியர் ஒரே ஒருவர். மூன்று வருட மாணவர்களுக்கும் அவரும் நாங்கள் இரண்டு கௌரவ விரிவுரையாளர்களும்தான். ஒருவர் பிரசவ விடுப்பில் போனால் அந்தப் பாடத்தை மாணவர்கள் தாங்களாகவே படித்துப் பரீட்சை எழுத வேண்டும். எனக்கு மாதம் 25,000 ரூபாய், அதுவும் 11 மாதத்துக்கு. மே மாதம் சம்பளம் கிடையாது. கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சொன்னது 2019இல். அதே வருடம் 2,331 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் விண்ணப்பம் கேட்டது. நானும் போட்டேன். அது முடியவே இல்லை. 2024இல் 4,000 இடம் என்று மறுபடி அறிவிப்பு வந்தது, அந்தத் தேர்வும் தள்ளிப்போனது. எந்தக் கட்சி ஆட்சி என்று சண்டைக்கு வர வேண்டாம், அந்த ஐந்து வருடத்தில் இரண்டு கட்சிகளும் ஆண்டிருக்கின்றன.

ஆகவே, கல்லூரி ஏன் திறந்தீர்கள் என்று கேட்காதீர்கள். திறந்த கல்லூரிக்கு ஆசிரியர் எங்கே என்று கேளுங்கள். உங்களைப் போல நகரத்தில் இருப்பவர்கள் கேட்டால் அதற்குப் பலம் கூடும். நாங்கள் கேட்டால் வேலைக்காகக் கேட்கிறார்கள் என்று சொல்லிவிடுகிறார்கள்.

அந்த அம்மா போன வருடம் இரண்டாவது மகளோடு வந்தார். பெரியவள் பி.எட். படிக்கிறாளாம். இந்த முறை ஆறு மணியைப் பற்றிக் கேட்கவில்லை. "கணக்குக்கு வாத்தியார் பத்தலைன்னு பெரியவ சொன்னா மேடம். இந்த வருஷமாச்சும் போடுவாங்களா?" என்றார்.

"போடுவாங்கம்மா" என்றேன். சின்னவள் இப்போது இரண்டாம் ஆண்டு. இன்னும் போடவில்லை.