துணைவேந்தர் பேச்சை எப்படிப் படிப்பது? பெருமாள்மலை வாசகர் கூடலின் கேள்வி பதில்

கொடைக்கானல் பக்கம் பெருமாள்மலையில் மாதக் கடைசி ஞாயிறு பத்துப் பதினைந்து பேர் கூடிப் படிக்கிறோம். இந்த மாதம் எடுத்துக்கொண்டது துணைவேந்தர்களின் உரைகளும் எழுத்துகளும். கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் கேள்விகளை என் பக்கம் திருப்பிவிட்டார்கள். நாலு மணிக்கே மஞ்சு இறங்கிவிட்டது. பண்ணைக்காடு பஸ்ஸைப் பிடிக்கப் பாதிப்பேர் எழுந்து போனார்கள். அவர்கள் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

அட்டுவம்பட்டி மாணவி: பட்டமளிப்பு விழாவில் சிறப்புரை ஆற்றுவது வெளியிலிருந்து வரும் விருந்தினர்தானே? அப்படியானால் துணைவேந்தரின் உரை என்று எதைச் சொல்கிறீர்கள்?

நல்ல இடத்தில் ஆரம்பித்தாய் பாப்பா. நம் மாநிலப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆளுநர் வேந்தர், அமைச்சர் இணைவேந்தர். அன்றாட நிர்வாகம் துணைவேந்தர் கையில். விழாவில் அவர் பொதுவாக வரவேற்றுவிட்டு ஆண்டறிக்கையைப் படிப்பார். அந்த நேரத்தில்தான் அரங்கில் எல்லோரும் பக்கத்தில் இருப்பவரோடு பேச ஆரம்பிப்பார்கள். ஆனால் எத்தனை பேர் நேரில் பட்டம் வாங்குகிறார்கள், ஆய்வுப் பட்டம் எத்தனை, புதிதாக எந்தத் துறை வந்தது என்பதெல்லாம் அந்த அறிக்கையில்தான் இருக்கும். மூன்று ஆண்டு அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார். சொல்லாமல் விட்டது எது என்று தெரிந்துவிடும்.

ஒன்று சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த இடத்துக்கு இந்த உரைச் சிற்றேடுகள் கட்டுக்கட்டாக வரும். கட்டுப் பிரிக்காமலே பழைய பேப்பர்காரரிடம் போகும். எடுத்து வைக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டேன், நடக்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

பூம்பாறை தமிழாசிரியர்: மு.வ. துணைவேந்தராக இருந்தபோது எழுதிய கடித நூல்களில் எதை முதலில் படிக்கலாம் ஐயா?

மு.வ. என்கிற மு. வரதராசன் அந்தக் கடித நூல்களைத் துணைவேந்தராக இருந்தபோது எழுதவில்லை சார். ‘தம்பிக்கு’, ‘அன்னைக்கு’ எல்லாம் பதவிக்கு வெகு காலம் முன்பே எழுதியவை. மதுரைப் பல்கலைக்கழகத்துக்கு அவர் வந்தது 1971-இல். 1974 அக்டோபரில் பதவியில் இருக்கும்போதே காலமானார். ‘அகல் விளக்கு’ நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது 1961-இல். அதுவும் பதவிக்குப் பத்தாண்டு முந்தையது.

இதைப் பிரித்துப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாற்காலி பேசும் பேச்சு ஒன்று, ஆள் பேசும் பேச்சு ஒன்று. மு.வ. தாலுகா அலுவலக எழுத்தராகத் தொடங்கித் தானாகப் படித்து மேலே வந்தவர். தம்பிக்குச் சொல்வதுபோல் எழுதும் அந்தக் குரல் எந்தப் பதவியும் கொடுத்ததல்ல. அப்போது நம் கொடைக்கானலும் மதுரை மாவட்டம்தான்; திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-இல். ஆகவே அவரை நம்ம ஊர்த் துணைவேந்தர் என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை உண்டு. முதலில் ‘தம்பிக்கு’ படியுங்கள்.

பண்ணைக்காடு, சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற அம்மா: துணைவேந்தர் பேச்சால் ஏழைக்கு எதுவும் நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது அம்மா, ஆனால் அவர் துணைவேந்தர் ஆவதற்கு முன் பேசிய பேச்சால். உங்கள் வேலைக்கே அதில் பங்கு உண்டு.

நெ.து. சுந்தரவடிவேலு 1969 முதல் 1975 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அதற்கு முன் காமராசர் ஆட்சியில் பொதுக்கல்வி இயக்குநர். பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு 1956-இல் தொடங்கியபோது அரசுப் பணம் மட்டும் போதவில்லை, ஊர்மக்களின் பங்கும் வேண்டியிருந்தது. இவர் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பிறகு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. பள்ளிக்கு என்ன குறை என்று பட்டியல் போடுவார்கள். கரும்பலகை, பெஞ்சு, கடிகாரம், கட்டடம் என்று ஊரார் ஆளுக்கொன்றாக ஏற்றுக்கொள்வார்கள். பேச்சு முடியும்போது பள்ளிக்கூடத்துக்குப் பொருள் வந்து சேர்ந்திருக்கும். கைதட்டு வாங்கும் பேச்சு எங்கும் கிடைக்கும். பெஞ்சு வாங்கித் தரும் பேச்சு அரிது.

‘நினைவு அலைகள்’ என்ற தன்வரலாற்றில் இதையெல்லாம் அவரே எழுதியிருக்கிறார். பெரியாரைப் பின்பற்றியவர், சாதி மறுத்து மணந்தவர். வாக்கியங்கள் சின்னச் சின்னதாக இருக்கும், அலங்காரம் கிடையாது. துணைவேந்தர் எழுதியதில் ஒன்றே ஒன்றைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால் நான் இதைத்தான் எடுத்துக் கொடுப்பேன். பெரிய நூல்தான். உணவுத் திட்டம் வரும் பகுதியிலிருந்தே தொடங்குங்கள், உங்களுக்கு எல்லாம் தெரிந்த முகமாக இருக்கும்.

தாண்டிக்குடி, பொறியியல் படிக்கும் தம்பி: பொறியாளர் ஒருவர் துணைவேந்தரானால் தமிழில் என்ன எழுதிவிட முடியும்?

தம்பி, வா.செ. குழந்தைசாமியைப் படி. கரூர்ப் பக்கத்துக்காரர், நீரியல் அறிஞர், அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தவர். மதுரை காமராசர், அண்ணா, இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என்று மூன்றுக்குத் துணைவேந்தராக இருந்தார். ‘குலோத்துங்கன்’ என்ற பெயரில் கவிதை எழுதியவரும் அவர்தான். ‘வாழும் வள்ளுவம்’ நூலுக்கு 1988-இல் சாகித்திய அகாதெமி விருது.

அவர் திரும்பத் திரும்ப எழுதியும் பேசியும் வந்தது எழுத்துச் சீர்திருத்தம் பற்றி. ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய வடிவங்களை மாற்றிப் பெரியார் முறையை 1978-இல் அரசு ஏற்றது. அதோடு நிற்கக்கூடாது என்றார் வா.செ.கு. கு, சு, டு, து, மு என்று எழுதிப் பார். உகரம் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு மெய்யோடும் ஒவ்வொரு வடிவம் எடுக்கிறது. ஊகாரமும் அப்படியே. உகரத்துக்கு ஒரு குறி, ஊகாரத்துக்கு ஒரு குறி போதும், குழந்தைக்குச் சுமை குறையும் என்பது அவர் வாதம்.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒரு தலைமுறை பழகியதை மாற்றினால், அச்சாகிக் கிடக்கும் அத்தனை நூலும் பிள்ளைகளுக்கு அந்நியமாகிவிடும் என்ற பயம் எனக்கு உண்டு. ஆனால் அவர் வாதத்தை அடுக்கும் விதத்தை நீ பார்க்க வேண்டும். மொழிமேல் உள்ள பாசத்தைக் காட்டி நம்மை மடக்கப் பார்ப்பதில்லை. கணக்கை எடுத்து வைக்கிறார், எதிர்வாதத்தைத் தானே சொல்லிவிட்டு அதற்குப் பதில் சொல்கிறார். அணைக்கட்டில் நீர் வரத்தைக் கணக்கிட்ட கை அது என்று தெரியும்.

நாயுடுபுரம், மகன் கலிபோர்னியாவில் படிக்கும் அம்மா: அங்கே பிரசிடெண்ட் என்பவர் நம் துணைவேந்தர் மாதிரியா?

வேலை ஏறக்குறைய அதேதான் அம்மா. உங்கள் மகன் இருக்கும் மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. கிளார்க் கெர் 1958 முதல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத் தலைவர். 1963-இல் ஹார்வர்டில் ஆற்றிய சொற்பொழிவுகளில், பல்கலைக்கழகம் இனி ஒரே குடும்பம் அல்ல, பல நோக்கங்கள் கூடி வாழும் நகரம்போல் ஆகிவிட்டது என்று விளக்கினார். ஆராய்ச்சிக்குக் கிடைக்கும் மதிப்பில் இளங்கலை மாணவர்கள் கவனிப்பாரற்றுப் போகிறார்கள், அவர்கள் பொறுக்க மாட்டார்கள் என்றும் சொன்னார். மறு ஆண்டே அவருடைய பெர்க்லி வளாகத்தில் பேச்சுரிமைப் போராட்டம் வெடித்தது. ரீகன் ஆளுநரானதும், 1967 ஜனவரியில் ஆட்சிக் குழு கெரைப் பதவி நீக்கியது. வருவதை முன்கூட்டிச் சொன்னவருக்கே அது வந்து சேர்ந்தது. அதை மனதில் வைத்து அந்த உரைகளைப் படித்தால் மனம் கனக்கும்.

வில்பட்டி அக்கா: பெண் துணைவேந்தர்கள்?

வே. வசந்தி தேவி. நம் திண்டுக்கல்லில் பிறந்தவர். 1992 முதல் 1998 வரை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத் துணைவேந்தர். சுந்தர ராமசாமி கேள்வி கேட்க, தமிழகக் கல்வி பற்றி இவர் பதில் சொல்வதாக ஒரு முழு நூலே இருக்கிறது. மேடையில் தப்பித்துவிடலாம், எதிரே உட்கார்ந்து ஒருவர் விடாமல் கேட்டால் தப்ப முடியாது. அதனால்தான் அந்த நூல் உரைத் தொகுப்புகளைவிட உயர்ந்தது என்று நினைக்கிறேன். எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கும் அருகமைப் பள்ளிக்காகப் பதவிக்காலம் முடிந்த பிறகும் பேசிக்கொண்டே இருந்தார். 2025-இல் மறைந்தார்.

துண்டுச்சீட்டில், பெயரில்லாமல்: நெடுங்காலம் பதவியில் இருந்தவர்?

ஆ. லட்சுமணசாமி முதலியார், சென்னை, 1942 முதல் 1969 வரை. மகப்பேறு மருத்துவர்.

இன்னொரு சீட்டு: உரையை அலுவலகத்தில் யாராவது எழுதிக் கொடுப்பார்களாமே?

கொடுப்பதுண்டு. கண்டுபிடிக்க என் வழி இது: ஊர்ப் பெயரை மாற்றி வேறு கல்லூரியில் அப்படியே படிக்க முடிந்தால் அது அலுவலக உரை. முடியாவிட்டால் அவர் தானே உட்கார்ந்து யோசித்திருக்கிறார்.

பெருமாள்மலை, பிளஸ் டூ மாணவி: இந்த நூல்கள் மலையில் எங்கே கிடைக்கும்?

நெ.து.சு. நூல்கள் நாட்டுடைமை ஆனவை. தமிழ் இணையக் கல்விக்கழக மின்நூலகத்தில் காசில்லாமல் படிக்கலாம். வா.செ.கு.வின் ‘வாழும் வள்ளுவம்’ என் வீட்டில் இருக்கிறது. அடுத்த மாதக் கூடலுக்குப் பைக்குள் போட்டு எடுத்து வருகிறேன். அட்டை பிய்ந்திருக்கும், பார்த்துப் புரட்டு.