முதுநிலைச் செவிலியர் படிப்பின் கற்றல் இலக்குகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 'நோயாளியை மதிப்பிடுவதில் மேம்பட்ட திறன் பெறுதல்' என்பது எங்கள் பாடத்திட்டத்தின் இலக்குகளில் ஒன்று. பருவத் தொடக்கத்தில் இதை என் சொந்த இலக்காக எழுதித் தரச் சொல்கிறார்கள். எப்படி எழுதுவது?

பதில்: அந்த வரியையே சற்று மாற்றி எழுதிக் கொடுத்துவிடுவதுதான் பலரும் செய்யும் பிழை. பாடத்திட்டத்தின் இலக்கு எல்லா மாணவர்களுக்கும் பொதுவானது. உங்கள் இலக்கோ நீங்கள் பணியாற்றப்போகும் வார்டையும் அங்குள்ள நோயாளிகளையும் மனத்தில் கொண்டு எழுதப்பட வேண்டும். 'அறிவேன்', 'புரிந்துகொள்வேன்' போன்ற சொற்களை நான் ஏற்பதில்லை. ஒருவர் புரிந்துகொண்டாரா என்பதை இன்னொருவர் கண்ணால் காண முடியாது.

படுக்கைப்புண் தடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். படுக்கைப்புண் வரும் ஆபத்தை மதிப்பிடும் பிரேடன் அளவுகோல் புலனுணர்வு, ஈரப்பதம், நடமாட்டம், படுக்கையில் உடலை அசைக்கும் திறன், ஊட்டம், உராய்வு ஆகிய 6 கூறுகளைப் பார்த்து 6 முதல் 23 வரை மதிப்பெண் தருகிறது. மதிப்பெண் குறையக் குறைய ஆபத்து கூடும். இதைக் கூட்டிப் போடுவது இளநிலை மாணவருக்கும் கைவரும். இரு நோயாளிகள் ஒரே 14 மதிப்பெண் பெற்றிருக்கலாம். ஒருவருக்கு ஓயாத ஈரமும் மற்றவருக்கு ஊட்டக்குறைவும் அதற்குக் காரணமாக இருக்கலாம். அப்போது இருவருக்கும் ஒரே பராமரிப்புத் திட்டத்தை எழுதாமல், மதிப்பெண்ணைக் கீழே இழுத்த கூறு எது என்று கண்டறிந்து, அதற்கேற்பத் திட்டத்தை மாற்றி, மாற்றியதன் காரணத்தை மருத்துவரிடமும் உணவியல் வல்லுநரிடமும் விளக்கத் தெரிவதே முதுநிலைத் தரம். அதையே இலக்காக எழுதுங்கள். எத்தனை நோயாளிகள், எந்த வாரத்துக்குள், யார் முன்னிலையில் என்பதையும் சேர்த்துவிட்டால், கையெழுத்திடும் மேற்பார்வையாளருக்கும் ஐயம் எழாது.

கேள்வி: தீவிர சிகிச்சைப் பிரிவில் 15 ஆண்டுகள் பணியாற்றிவிட்டு இந்தப் படிப்பில் சேர்ந்தேன். சமூகநலப் பயிற்சியில் என்னைத் 'தொடக்கநிலை' என்று குறித்திருக்கிறார்கள். மனம் மிகவும் வருந்துகிறது.

பதில்: உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது, ஆனால் அந்தக் குறிப்பு உங்கள் 15 ஆண்டுகளை மறுக்கவில்லை. தொடக்கநிலையிலிருந்து வல்லுநர் நிலை வரை ஐந்து படிகளை 1984-இல் விளக்கிய பாட்ரிஷியா பென்னர், அனுபவம் மிக்க செவிலியரும் தமக்குப் பழக்கமில்லாத நோயாளிகளிடையே செல்லும்போது தொடக்கநிலைக்குத் திரும்ப நேரலாம் என்கிறார். மானிட்டரைப் பார்த்தே பழகிய கண், மானிட்டர் இல்லாத ஒரு வீட்டில் எதைப் பார்ப்பது என்று கற்றுக்கொள்ளச் சில வாரங்கள் ஆகத்தான் செய்யும்.

அனுபவசாலிகளுக்கு இன்னொரு தடையும் உண்டு. அதைத்தான் நான் பெரிதாகக் கருதுகிறேன். அவர்கள் அறிந்தது கையிலும் கண்ணிலும் இருக்கும், சொல்லில் இராது. என்னிடம் பயின்ற செவிலியர் ஒருவர் ஒரு நோயாளியைக் காட்டி, "ஏதோ சரியில்லை, மேடம்" என்றார். என்ன பார்த்தீர்கள் என்று விடாமல் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "காலையில் கோவையாகப் பேசினார், இப்போது இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்குகிறார், தோள் ஏறி இறங்குகிறது" என்றார். முழுதாக ஒரு நிமிடம் எண்ணினோம். மூச்சு 28 இருந்தது. கேஸ் ஷீட்டிலோ காலை முதல் 20, 20, 20 என்றே எழுதப்பட்டிருந்தது. நோயாளியின் நிலை சரியத் தொடங்குவதை முதலில் காட்டும் அறிகுறிகளுள் மூச்சின் வேகமும் ஒன்று. எண்ணாமல் எழுதப்படுவதும் பெரும்பாலும் அதுதான். அந்தச் செவிலியரின் கண் எப்போதும் சரியாகவே பார்த்திருக்கிறது. அதைப் பிறர் சோதித்துப் பார்க்கவும், இளையவர்களுக்குக் கற்பிக்கவும் ஏற்ற சொற்களாக மாற்றித் தருவதையே முதுநிலைப் படிப்பு உங்களிடம் கேட்கிறது.

கேள்வி: குறிக்கப்பட்ட பயிற்சி நேரத்தை முடித்துவிட்டால் இலக்கு நிறைவேறியதாகக் கொள்ளலாமா?

பதில்: கொள்ள இயலாது. பயிற்சி நேரம் குறைந்தபட்ச நிபந்தனை மட்டுமே. நீங்களே எடுத்த ஒரு முடிவு, அதற்கான காரணம், பிறகு நோயாளியிடம் கண்ட மாற்றம் ஆகிய மூன்றையும் வாரம் ஒருமுறையேனும் லாக்புக்கில் எழுதி வாருங்கள்.

கேள்வி: ஆய்வுச் சான்றுகளின் அடிப்படையில் முடிவெடுக்க வேண்டும் என்கிறது ஓர் இலக்கு. எனக்குப் புள்ளியியலைக் கண்டாலே அச்சம்.

பதில்: புள்ளியியல் நம் தொழிலுக்கு அந்நியமானதன்று. கிரிமியப் போரில் காயங்களைவிட நோய்களுக்கே மிகுதியான வீரர்கள் பலியானார்கள் என்பதை வட்ட வரைபடத்தால் ஆட்சியாளர்களுக்கு உணர்த்திய ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல், 1858-இல் லண்டன் புள்ளியியல் கழகத்தின் முதல் பெண் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

கட்டுரைகளைத் தேடும் முன் கேள்வியைச் சரியாக அமையுங்கள்: எந்த நோயாளிகள், என்ன செய்கிறோம், எதனோடு ஒப்பிடுகிறோம், எந்த விளைவை அளக்கிறோம். பிறகு, 'தொற்று பாதியாகக் குறைந்தது' என்ற வரியைக் கண்டால் அங்கேயே நின்று எண்ணிக்கையைப் பாருங்கள். 100 பேரில் 40 பேருக்கு வந்த தொற்று 20 ஆனாலும் பாதிதான். 2 பேருக்கு வந்தது 1 ஆனாலும் பாதிதான். முன்னதில் 5 பேருக்கு அந்தப் பராமரிப்பை அளித்தால் ஒருவர் தொற்றிலிருந்து தப்புகிறார். பின்னதில் 100 பேருக்கு அளிக்க வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே ஓய்வின்றி உழைக்கும் ஒரு வார்டில் புதிய நடைமுறையைப் புகுத்தலாமா என்று முடிவெடுப்பவருக்கு இந்தக் கணக்கு கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: பருவம் முடிய மூன்று வாரங்களே உள்ளன. இறுதிக்கட்ட நோயாளியின் குடும்பத்தாரிடம் பேசும் வாய்ப்பு எனக்கு அமையவில்லை. மாதிரிப் பயிற்சியில் செய்ததை வைத்து இலக்கு நிறைவேறியதாக எழுதலாமா?

பதில்: தயவுசெய்து அவ்வாறு எழுதாதீர்கள். ஜார்ஜ் மில்லர் 1990-இல் மருத்துவத் திறனை அறிதல், செய்யும் முறையை அறிதல், செய்துகாட்டுதல், பணியில் செய்தல் என நான்கு படிகளாகப் பிரித்தார். மாதிரிப் பயிற்சி மூன்றாம் படி; உங்கள் இலக்கு நான்காம் படியில் இருக்கிறது. உள்ளதை உள்ளபடி எழுதி, இந்த வாரமே மேற்பார்வையாளரைச் சந்தித்து, நோய்த்தணிப்புப் பராமரிப்புக் குழுவினர் குடும்பத்தாரிடம் பேசும்போது உடனிருக்க அனுமதி கேளுங்கள். முதல் முறை கேட்க மட்டும் செய்யுங்கள்: செய்தியைச் சொன்ன பிறகு அவர்கள் எவ்வளவு நேரம் பேசாமல் காத்திருந்தார்கள், எந்தச் சொல் குடும்பத்தாருக்கு விளங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அடுத்த முறை உரையாடலின் ஒரு பகுதியை மேற்பார்வையாளர் முன்னிலையில் நீங்களே நடத்துங்கள். அதற்கும் வழி அமையாவிட்டால், அடுத்த பருவத்தில் எந்த வாரத்துக்குள் இதை முடிப்பீர்கள் என்பதை எழுதி, அதற்கு இப்போதே அவருடைய ஒப்புதலைப் பெற்றுவிடுங்கள்.