நூறு வீதத்துக்காக நிறுத்தப்பட்ட மருமகன்

கேள்வி: மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் உள்ள ஒரு சிறிய பாடசாலையின் அபிவிருத்திச் சங்கச் செயலாளராக இருக்கிறேன். என் மகள் அங்கே தரம் 3இல் படிக்கிறாள். சென்ற வருடம் எங்கள் பாடசாலையில் 12 பிள்ளைகள் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தோற்றினார்கள். எல்லோரும் 70 புள்ளிகளுக்கு மேல் எடுத்தார்கள், மூன்று பேர் நிதியுதவிக்கான வெட்டுப்புள்ளியைத் தாண்டினார்கள். நூறு வீதம் என்று பதாகை கட்டினோம். இந்த வருடம் 16 பேர் தோற்றி இரண்டு பேர்தான் வெட்டுப்புள்ளியைத் தாண்டினார்கள், நான்கு பேர் 70ஐக்கூட எட்டவில்லை. சென்ற வருடம் இருந்த அதிபர் கவனமாக நடந்துகொண்டார். மெல்லக் கற்கும் இரண்டு பிள்ளைகளை, அதில் ஒருவன் என் அக்காவின் மகன், வீட்டாரிடம் சொல்லி அன்று நிறுத்திவிட்டோம். பரீட்சை கட்டாயமில்லைதானே. அக்கா குவைத்தில் இருக்கிறா, பிள்ளை என் அம்மாவுடன் இருக்கிறான், ஆகவே பிரச்சினை ஒன்றும் வரவில்லை. இந்த வருடம் வந்த புதிய அதிபர் எல்லோரையும் எழுத வைத்துவிட்டார். தரம் 5 ஆசிரியை இரண்டு வருடமும் ஒருவர்தான், ஆனால் அவருடைய அக்கறை குறைந்துவிட்டது என்று பெற்றோர் சொல்கிறார்கள். அவரை மாற்றும்படி வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதலாமா? மகளை வருடாவருடம் நூறு வீதம் காட்டும் நகரப் பாடசாலைக்கு மாற்றலாமா? பெறுபேறுதானே பாடசாலையின் அளவுகோல்?

பெயர் வேண்டாம், படுவான்கரை

பதில்: தம்பி, இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. பெறுபேறு வெளியாகும் ஒவ்வொரு வருடமும் செங்கலடியிலிருந்தும் களுவாஞ்சிக்குடியிலிருந்தும் திருக்கோவிலிலிருந்தும் இதே கடிதம் வருகிறது. வீதம் ஏறினால் ஆசிரியருக்கு மாலை, இறங்கினால் வலயத்துக்கு மனு. ஆனால் உங்கள் கடிதத்தில் நான் இடறி நின்றது வேறோர் இடத்தில். அக்காவின் மகனைப் பரீட்சைக்குப் போகவிடாமல் நிறுத்தியதைச் சொல்லிவிட்டு, “ஆகவே பிரச்சினை ஒன்றும் வரவில்லை” என்று ஒரே வரியில் கடந்துபோயிருக்கிறீர்கள். என்னால் அந்த வரியைக் கடந்துபோக முடியவில்லை.

யாருக்குப் பிரச்சினை வரவில்லை? அதிபருக்கு வரவில்லை, சங்கத்துக்கு வரவில்லை, பதாகைக்கு வரவில்லை. ஐந்து வருடம் தன்னோடு ஒரே வாங்கில் இருந்த பிள்ளைகள் வெள்ளைச் சட்டையில் சுட்டெண்ணைக் குத்திக்கொண்டு, தாய்மார் கைபிடித்துப் பரீட்சை நிலையத்துக்குப் போன காலையில், வீட்டு முற்றத்தில் நின்ற பத்து வயதுப் பிள்ளைக்கு வந்ததா இல்லையா என்று நீங்கள் கேட்டுப் பார்த்தீர்களா? அவனுக்கு யாரும் காரணம் சொல்லியிருக்கத் தேவையில்லை. வகுப்பில் தன்னை எந்த வரிசையில் வைத்திருக்கிறார்கள் என்பது பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். உங்கள் தாயாரும் மறுத்துப் பேசியிருக்க மாட்டார், ஏனென்றால் சொன்னவர் படித்த மகன், சங்கத்தின் செயலாளர், பிள்ளையின் மாமன். சம்மதம் சொல்லும் உரிமை உள்ள ஒரே ஆள் குவைத்தில் யாரோ ஒருவருடைய வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தார். அவரிடம் எவரும் கேட்கவில்லை.

மட்டக்களப்பு மண்ணில் குடி என்னும் குலவழி தாய்வழியாகத்தான் இறங்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் மகள் அவளுடைய தாயின் குடி. அக்காவின் மகன்தான் உங்கள் குடி. கோவில் திருவிழாவில் உங்கள் குடிக்குரிய முறை வரும்போது உங்களுக்குப் பின் அந்த இடத்தில் நிற்க உரிமையுள்ளவன் அவன். தாய் கடல் கடந்து உழைக்கும் வீட்டில், பிள்ளைக்காகப் பாடசாலையில் வாய் திறக்க வேண்டியவர் தாய்மாமன். உங்கள் அக்கா உங்களை நம்பித்தான் விமானம் ஏறினார். “இரண்டு பேரை நிறுத்துவோம்” என்று அதிபர் சொன்ன அன்று, “என் மருமகனும் இந்தப் பாடசாலைப் பிள்ளைதான், அவனும் எழுதுவான்” என்று சொல்வதற்கு அந்த அறையில் உங்களைத் தவிர வேறு ஆள் இருக்கவில்லை. நீங்கள் சொல்லவில்லை. இதை மென்மையாக எழுத எனக்கு மனம் வரவில்லை.

பரீட்சை கட்டாயமில்லை என்பது உங்களுக்கு உதவாது. ஒரு குடும்பம், “எங்கள் பிள்ளைக்கு இந்த நெருக்கடி வேண்டாம்” என்று பிள்ளையின் நன்மையை எண்ணி ஒதுங்கினால் நான் அவர்களை மதிப்பேன். நீங்கள் ஒதுக்கியது பதாகையில் எழுதப்போகும் எண்ணுக்காக.

அந்த எண்ணையும் பார்ப்போம். சென்ற வருடம் வகுப்பில் இருந்தவர்கள் 14 பேர், 70ஐத் தாண்டியவர்கள் 12 பேர். நிறுத்திய இருவரும் எழுதி 70ஐ எட்டாமலே போயிருந்தாலும் வீதம் ஏறக்குறைய 86. இந்த வருடம் 16இல் 12 பேர், வீதம் 75. வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்கள் மூன்று பேரிலிருந்து இரண்டு பேராகியிருக்கிறார்கள். அதாவது, ஓர் ஆசிரியையை ஊரைவிட்டு அனுப்புவதற்கு நீங்கள் மனு எழுதும் அளவுக்கு நடந்திருப்பது, ஒரு பிள்ளை குறைந்ததுதான். அந்த ஒரு பிள்ளைக்குப் பரீட்சைக்கு முதல் நாள் காய்ச்சல் வந்திருக்கலாம், யானை வந்து ஊரே விழித்திருந்த இரவாக இருக்கலாம், அல்லது அந்த வருடம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளே அப்படி அமைந்திருக்கலாம். 12 பேர் எழுதும் பாடசாலையில் ஒரு பிள்ளை 8 வீதத்துக்கும் மேல். 150 பேர் எழுதும் நகரப் பாடசாலையில் ஒரு பிள்ளை ஒரு வீதம்கூட இல்லை. ஆகவே சிறிய பாடசாலையின் வீதம் வருடத்துக்கு வருடம் துள்ளத்தான் செய்யும், அந்தத் துள்ளலில் ஆசிரியையின் அக்கறையைத் தேடுவது நியாயமில்லை. இரண்டு வருடமும் தலா 12 பிள்ளைகளை அந்த ஆசிரியை 70க்கு மேல் கொண்டுவந்திருக்கிறார் என்பது உங்கள் சொந்தக் கணக்கிலேயே இருக்கிறது. மாறியது அதிபர் ஒருவர்தான். புதியவர் எல்லாப் பிள்ளைகளையும் எழுத வைத்தார், அதற்குத் தண்டனை ஆசிரியைக்குக் கிடைக்கப்போகிறது.

இந்தப் பரீட்சை எதற்காக வந்தது என்பதையும் பாடசாலைச் சங்கங்கள் மறந்துவிட்டன. 1940களில், சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா இலங்கையின் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், இலவசக் கல்வியோடு கிராமங்களில் மத்திய கல்லூரிகள் எழுந்தபோது, வசதியில்லாத வீட்டுத் திறமையான பிள்ளையைக் கண்டுபிடித்து அங்கே அனுப்பிப் படிக்கவைக்கத்தான் புலமைப்பரிசில் ஏற்பட்டது. இன்றும் அது செய்வது பிள்ளைகளைத் தெரிவுசெய்யும் வேலையைத்தான்: சில பிள்ளைகளுக்கு நிதியுதவி, சில பிள்ளைகளுக்குப் பெரிய பாடசாலையில் இடம். நிதியுதவிக்கான வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டமும் மொழிமூலத்துக்கு மொழிமூலமும் வேறுபடுகிறது. எத்தனை பேருக்குக் கொடுக்கலாம் என்பதைப் பொறுத்து நிற்கும் கோடு அது. பெரும்பாலான பிள்ளைகள் கீழே நிற்கும்படியே போடப்பட்ட கோட்டை வைத்து ஒரு பாடசாலை கற்பிக்கிறதா இல்லையா என்று தீர்மானிக்க முடியாது.

நீங்கள் செய்ததை உலகத்தில் முதலில் செய்தவர்கள் நீங்கள் அல்ல. இங்கிலாந்தில் 1862இல், பிள்ளைகள் வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் பெறும் பெறுபேற்றைப் பார்த்தே பாடசாலைக்கு அரசு பணம் கொடுக்கும் என்று விதி செய்தார்கள். பரிசோதகர் கேட்கப்போகும் வாசிப்புப் புத்தகத்தைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஒப்புவித்தார்கள். 1890களில் அந்த முறை கைவிடப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் 2002இல் வந்த சட்டம், 2014ஆம் ஆண்டுக்குள் எல்லா மாணவரும், அதாவது நூற்றுக்கு நூறு வீதமும், வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று கட்டளையிட்டது. இலக்கை எட்டாத பாடசாலைகள் மீது நடவடிக்கை வரும் என்ற நிலையில், அட்லாண்டா நகரில் 44 பாடசாலைகளில் 178 ஆசிரியர்களும் அதிபர்களும் பிள்ளைகளின் விடைத்தாள் மோசடியில் சம்பந்தப்பட்டதை 2011இல் அந்த மாநில விசாரணை வெளிக்கொண்டுவந்தது. 2015இல் அவர்களில் பதினொரு பேரை நீதிமன்றம் குற்றவாளிகளாகக் கண்டது. அந்தச் சட்டமும் அதே வருடம் மாற்றப்பட்டது. ஓர் எண்ணை வைத்து மனிதருக்குப் பரிசும் தண்டனையும் கொடுக்கத் தொடங்கினால், அந்த எண்ணும் கெடும், அது அளக்க வந்த வேலையும் கெடும் என்று டொனால்ட் காம்பெல் என்ற சமூக உளவியலாளர் 1976இலேயே எழுதிவைத்தார். அட்லாண்டாவில் விடையை அழித்து எழுதினார்கள். உங்கள் ஊரில் பிள்ளையையே அழித்துவிட்டீர்கள்.

வகுப்பறைக்குள் இது என்ன செய்கிறது என்பதை ஒரு முறை நேரில் பார்த்தேன். மாதிரி வினாத்தாள்களும் செயலட்டைகளும் அடுக்கடுக்காக மேசையில் இருந்தன. ஆசிரியர் ஒரு வினாவை வாசித்து முடிப்பதற்கு முன்பே ஒரு சிறுமி “மூன்றாவது விடை” என்றாள், சரியாக இருந்தது. நான் அதே வினாவை எடுத்து, விடைகளின் வரிசையை மாற்றி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மறுபடியும் “மூன்றாவது” என்றாள். வினாவின் முதல் சொல்லைத் தொட்டு வாசிக்கச் சொன்னபோது விரல் அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டது. அந்தப் பாடசாலையிலும் அந்த வருடம் பதாகை கட்டினார்கள்.

நீங்கள் ஆசைப்படும் நகரப் பாடசாலையின் நூறு வீதம் எப்படி வருகிறது? சிலது நல்ல கற்பித்தலால் வருகிறது, அதை மறுக்க மாட்டேன். மிகுதி, பிள்ளையோடு வீட்டிலிருந்து வருகிறது: படித்த தாய் தகப்பன், நான்கு மணிக்கு ஒரு ரியூசன், சனி ஞாயிறு இன்னொரு ரியூசன். அதற்கு மேல், வாவிக்கு இந்தப் பக்கத்திலிருந்து கெட்டிக்காரப் பிள்ளைகளை வானில் ஏற்றி அனுப்புகிறீர்கள். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்பட்டபோது, ஆசிரியர்கள் நேரத்துக்கு இங்கே வந்துசேர்வார்கள் என்று மகிழ்ந்தேன். பிள்ளைகள் அந்தப் பக்கம் போவதற்கும் அதே பாலம்தான் வழியாகிவிட்டது. வசதியுள்ளவர் பிள்ளையை மாற்றினால் வீதம் குறைகிறது, வீதம் குறைந்தால் அடுத்தவர் மாற்றுகிறார், கடைசியில் மாற்ற முடியாதவர்களின் பிள்ளைகள் மட்டும் மிஞ்சிய பாடசாலையைப் பார்த்து, “பெறுபேறு இல்லாத பாடசாலை” என்கிறோம். பிள்ளை சேரும்போது எங்கே நின்றது, வெளியேறும்போது எங்கே நிற்கிறது என்ற தூரத்தை அளந்தால், ஒருவேளை உங்கள் ஆசிரியைதான் நகரத்தாரைவிடப் பெரிய வேலை செய்திருப்பார்.

பரீட்சைக்கும் அளவீட்டுக்கும் நான் எதிரானவர் அல்ல. அளக்காமல் விட்டால் உங்கள் மருமகனைப் போன்ற பிள்ளைகள் பார்வையிலேயே படமாட்டார்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தேசிய கல்வி ஆராய்ச்சி மதிப்பீட்டு நிலையம், நாடு முழுவதிலுமிருந்து மாதிரிக்கு எடுத்த பாடசாலைகளில் தரம் 4 மாணவரின் அடைவைப் பல தடவை அளந்திருக்கிறது. அதன் நோக்கம் கல்வி எங்கே பலவீனமாக இருக்கிறது என்று அறிவது. ஆரம்பப் பிரிவில் ஒவ்வொரு பிள்ளையும் அடைந்தே தீர வேண்டியவை என்று அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. சங்கக் கூட்டத்தில் செயலாளர் கேட்க வேண்டிய கேள்வி அங்கே இருக்கிறது: தரம் 3இல் எத்தனை பேர் ஒரு பந்தியைத் தாமாக வாசித்துப் பொருள் சொல்கிறார்கள், யார் யாருக்கு இன்னும் முடியவில்லை, அவர்களுக்கு இந்தத் தவணை என்ன செய்யப்போகிறோம். உங்கள் மகளின் வகுப்பையே கேட்கிறேன், பதில் உங்களுக்குத் தெரியுமா? பெரும்போக அறுவடைக் காலத்தில் எத்தனை பிள்ளைகள் வரவில்லை, ஆரம்பப் பிரிவுக்கான ஆசிரிய ஆலோசகர் கடைசியாக எப்போது வந்தார் என்பதையும் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். வலயத்துக்கு ஒரு கடிதம் எழுதத்தான் வேண்டுமென்றால், ஆசிரிய ஆலோசகரை அனுப்பும்படி எழுதுங்கள். ஆசிரியைக்கு எதிரான மனுவைக் கிழித்துவிடுங்கள். புதிய அதிபருக்குப் பக்கத்தில் நில்லுங்கள்.

இனி வீட்டு வேலை. இன்று இரவே அக்காவுக்கு அழைப்பு எடுத்து, நடந்ததை உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். அவர் அழுவார், ஏசுவார், கேட்டுக்கொண்டிருங்கள். பிள்ளை இப்போது தரம் 6இல் இருக்க வேண்டும். தரம் 5இலேயே தடுமாறியவனுக்கு அங்கே பாடத்துக்கு ஓர் ஆசிரியர், ஒவ்வொருவரிடமும் ஒரு புத்தகம், எவருக்கும் அவனை வாசிக்கக் கற்பிக்க நேரமில்லை. அவனை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிச்சென்று கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள், ஏனென்றால் மெல்லக் கற்பவன் என்று பெயர் வைக்கப்பட்ட பிள்ளைகளில் சிலருக்குக் கரும்பலகையே தெரிவதில்லை. அதில் குறையில்லை என்றால், பின்னேரம் அரை மணி நேரம் நீங்களே பக்கத்தில் இருந்து தரம் 2 புத்தகத்திலிருந்து தொடங்குங்கள். அவன் வெட்கப்பட்டால், உங்கள் மகளுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், சிறிய பிள்ளைக்கு வாசிப்பதில் அவனுக்கு வெட்கம் இருக்காது. உங்கள் மருமகனோடு நிறுத்தப்பட்ட மற்றப் பிள்ளையின் பெயரைக்கூட நீங்கள் எழுதவில்லை. அந்த வீட்டுக்கும் போய், சங்கத்தின் சார்பில் பேசுங்கள்.

மகளை மாற்ற வேண்டாம். தரம் 3 பிள்ளை விடிவதற்கு முன் எழும்பி வானில் ஏறி, பின்னேரம் தூங்கி விழுந்துகொண்டு வீடு திரும்பும் படிப்பு அவளுக்கு வேண்டியதில்லை. அவளுடைய ஆசிரியர் யார், அவள் வாசிக்கிறாளா, கணக்கைத் தானே யோசித்துச் செய்கிறாளா என்று ஒவ்வொரு தவணையும் போய்ப் பாருங்கள். இரண்டு வருடம் கழித்து அவள் புலமைப்பரிசில் எழுதும்போது, அவளுடைய வகுப்பில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேரும் எழுதவேண்டும் என்று இப்போதே சங்கத்தில் தீர்மானம் கொண்டுவந்து, முன்மொழிந்தவர் என்று உங்கள் பெயரை எழுதுங்கள்.