பரங்கிமலையில் சேரும் முன் வெயிலுக்குப் பழகுவது

பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையத்தில் (OTA) சேருவதற்கு முந்தைய இரண்டு வாரம் மலையை விட்டு இறங்கி வெயிலுக்குப் பழகுங்கள். ஓட்டத்தின் தூரத்தைக் கூட்டிப் பயனில்லை.

கோத்தகிரியில் 2.4 கி.மீ. அசராமல் ஓடும் நீங்கள் சென்னையில் பாதியிலேயே நின்றதற்குப் பெரும்பாலும் புழுக்கம்தான் காரணம். அங்கே வியர்வை சட்டென்று காயாது, உடல் சூடு இறங்காது. சூட்டைத் தணிக்கத் தோலுக்கும், ஓடுவதற்குக் காலுக்கும் ஒரே நேரத்தில் ரத்தம் அனுப்பி இதயம் திணறும். மலையில் ஓடியவன் கீழே பறப்பான் என்ற பேச்செல்லாம் ஏப்ரல் மாதப் பரங்கிமலையில் எடுபடாது.

அதற்கு முன் ஒன்று பாருங்கள். எஸ்டேட் ரோட்டில் ஓடித்தான் நேரம் குறித்தீர்களா? இறக்கம் நம்மை நன்றாக ஏமாற்றும். 400 மீட்டர் ட்ராக்கில் ஆறு சுற்று ஓடிப் பாருங்கள். நேரம் அங்கேயே கூடினால் முதலில் வேகத்தைச் சரிசெய்ய வேண்டும்.

பழகுவதற்கு மேட்டுப்பாளையம் போதும். உறவினர் வீடு இருந்தால் தங்கிவிடுங்கள். தினமும் ஒரு மணி நேரம், முதலில் வேக நடை, அப்புறம் மெதுவான ஓட்டம். 10 முதல் 14 நாளில் உடம்பு ஓரளவு பழகிவிடும். இதை இப்போதே முடித்துவிட்டு மறுபடி மலையேறினால், சில வாரங்களில் அந்தப் பழக்கம் போய்விடும்.

தனியாக ஓட வேண்டாம். தலைசுற்றலோ குமட்டலோ வந்தால் நிறுத்தி நிழலுக்குப் போங்கள். பேச்சு குழறினால் உடம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்படி கூட வருபவரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.