பழி முட்டைக்கு, பாவம் மாத்திரைக்கு

கேள்வி: வயது 27. பவர்லிஃப்டிங் போட்டிக்காக இரண்டு மாதமாக தினம் 10 மி.கி. ஸ்டானோசோலால் (தசை வளர்க்கும் ஸ்டீராய்டு) மாத்திரை எடுக்கிறேன். ஹெச்.டி.எல். (நல்ல கொழுப்பு) 56-லிருந்து 23-க்கு இறங்கிவிட்டது; எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு) 102-லிருந்து 149 ஆகிவிட்டது. முட்டையை நிறுத்தி, மீன் எண்ணெய் கேப்ஸ்யூல் போட்டால் சரியாகும் என்கிறார் ஜிம் மாஸ்டர். உண்மையா?
- வாசகி, காசிமேடு

பதில்: இல்லை சகோதரி. முட்டை சாப்பிட்டு யாருக்கும் ஹெச்.டி.எல். இப்படிப் பாதி அளவுக்கும் கீழே விழாது. கல்லீரலில் ஹெபாடிக் லைபேஸ் என்றொரு நொதி இருக்கிறது; ஹெச்.டி.எல். துகள்களைச் சிதைப்பது அதுதான். பெண்களின் ஈஸ்ட்ரோஜன் அதை அடக்கி வைப்பதால்தான் நமக்கு நல்ல கொழுப்பு ஆண்களைவிடக் கூடுதல். ஸ்டானோசோலால் அதே நொதியை முடுக்கிவிடுகிறது. 1989-ல் வெளியான ஓர் ஆய்வில், எடை தூக்கும் ஆண்கள் தினம் 6 மி.கி. எடுத்தார்கள். ஆறே வாரத்தில் ஹெச்.டி.எல். 33 சதவீதம் சரிந்தது, எல்.டி.எல். 29 சதவீதம் ஏறியது. நீங்கள் எடுப்பது அதைவிட அதிகம்.

அதே ஆய்வில் வாரம் 200 மி.கி. டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஊசிக்கு ஹெச்.டி.எல். சரிவு 9 சதவீதம்தான். அதற்காக ஊசிக்கு மாறிவிடாதீர்கள். பெண்ணுக்குக் குரல் ஒருமுறை தடித்துவிட்டால், மருந்தை விட்ட பிறகும் பழையபடி ஆகாமலே போகலாம்.

மீன் எண்ணெய் ட்ரைகிளிசரைடு என்ற வேறொரு ரத்தக் கொழுப்பைக் குறைக்கும்; மாத்திரையால் வந்த இந்தச் சரிவைச் சரிசெய்யாது. மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால் மாத்திரையால்தான் என்று விட்டுவிடாமல் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். கருவில் இருக்கும் பெண் சிசுவின் பிறப்புறுப்பு வளர்ச்சியையே இந்த மருந்து மாற்றிவிடும்.

அடுத்து, ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் பொது மருத்துவ ஓ.பி.க்கு மாத்திரை அட்டையோடு போய், எத்தனை நாள், எவ்வளவு என்று மறைக்காமல் சொல்லுங்கள். கல்லீரல் பரிசோதனைக்கு முன் ஒரு வாரம் கனமான எடை வேண்டாம். கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. அளவுகள் தசை சிதைந்தாலே ஏறிக் காட்டும். சந்தேகம் வராமலிருக்க கல்லீரலைக் காட்டும் ஜி.ஜி.டி., தசையைக் காட்டும் சி.கே. இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கொழுப்புப் பரிசோதனையை 6 வாரத்தில் ஒருமுறை, 3 மாதத்தில் ஒருமுறை எடுங்கள். பெரும்பாலும் மீண்டுவிடும். 3 மாதம் கழித்தும் ஹெச்.டி.எல். 50-ஐத் தொடாவிட்டாலோ, எல்.டி.எல். 130-க்கு மேலேயே நின்றாலோ, தைராய்டையும் குடும்பத்தில் இதய நோய் உண்டா என்பதையும் பார்க்க வேண்டும்.

அதுவரை மஞ்சள் கரு தினம் ஒன்று போதும், வெள்ளைக்கரு எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடுங்கள். புரதத்துக்கு உங்கள் ஊர் மத்தியும் நெத்திலியும் இருக்கின்றன. வறுக்காமல் குழம்பாக வையுங்கள்.