பாதியில் நிற்கும் புத்தகம்: கேள்வியும் பதிலும்

கிளை நூலகத்தில் 28 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். புத்தகத்தைப் பாதியில் விடுவது பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இங்கே.

கேள்வி: அக்கா, 650 ரூபாய் கொடுத்து வாங்கிய நாவல். 120 பக்கம் தாண்டியும் மனசு ஒட்டவில்லை. காசு வீணாகிவிடுமே என்று இழுத்துக்கொண்டிருக்கிறேன்.

பதில்: அந்தக் காசு வாங்கிய அன்றே போய்விட்டது தம்பி. முடித்தாலும் திரும்பி வராது. இதே புத்தகம் நூலகத்தில் சும்மா கிடைத்திருந்தால் 121ஆம் பக்கத்தைப் புரட்டியிருப்பீர்களா? மாட்டேன் என்றால் மூடிவிடுங்கள்.

கேள்வி: எத்தனை பக்கம் வரை பொறுக்கலாம்?

பதில்: அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் ஒரு கணக்கு சொல்கிறார். 50 பக்கம் படித்துப் பாருங்கள். வயது 50ஐத் தாண்டிவிட்டால், 100இலிருந்து வயதைக் கழித்து வருகிற அளவு போதும். எனக்கு 62, ஆக 38 பக்கம். 200 பக்கப் புத்தகத்துக்கு இது சரி. 800 பக்க நாவலில் 50 பக்கத்துக்குள் ஊரும் ஆட்களும் பழகவே பழகாது. அதற்கு நான் 100 பக்கமாவது கொடுப்பேன்.

கேள்வி: வீட்டில் எல்லோரும் 'பொன்னியின் செல்வ'னைக் கொண்டாடுகிறார்கள். எனக்கோ இரண்டாம் பாகத்திலேயே இழுக்கிறது. குறை என்னிடம்தானா மேடம்?

பதில்: இல்லவே இல்லை. நீங்கள் படிக்கிற வேகத்தைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். அது 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் தொடராக வந்த கதை. அடுத்த இதழுக்கு ஒரு வாரம் காத்திருந்தவர்களுக்காக எழுதியது. போன வாரம் நடந்ததை ஞாபகப்படுத்த வேண்டும், முடிக்கிற இடத்தில் ஒரு முடிச்சும் போட வேண்டும். ஒரே மூச்சில் பத்து அத்தியாயம் படித்தால் அந்த முடிச்சுகளே அலுப்புத் தட்டும். ராத்திரிக்கு ஓர் அத்தியாயம், அதற்கு மேல் வேண்டாம். ஒரு மாதம் அப்படிப் படித்தும் பிடிக்கவில்லையென்றால் தயங்காமல் வைத்துவிடுங்கள். வீட்டாரின் ரசனை அவர்களுக்கு.

கேள்வி: பாதியில் விடுவது எழுத்தாளருக்குச் செய்யும் அவமரியாதை இல்லையா?

பதில்: சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகள் தந்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பவை அவற்றில் இரண்டு. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நான்காவது. இந்த மூன்றையும் வேலையில் தினமும் கண்ணால் பார்த்தேன். "ரெண்டு பக்கம்கூட ஓடலை" என்று ஒருவர் திருப்பிக் கொடுத்த நாவலை, அடுத்த வாரம் எடுத்துப்போன ஒரு அம்மா இரண்டு முறை புதுப்பித்தார். உங்களுக்கு ஆகாத புத்தகத்தை அலமாரியில் பூட்டி வைப்பதுதான் எனக்கு வருத்தம். யாருக்காவது கொடுங்கள்.

கேள்வி: பாதி படித்ததை விமர்சிக்கலாமா?

பதில்: எத்தனை பக்கம் படித்தீர்கள் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. எதையும் முடிப்பதே இல்லை. கண்டிக்கட்டுமா?

பதில்: கண்டிக்காதீர்கள். எந்த இடத்தில் நிறுத்தினாள், ஏன் என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தால் அவள் நன்றாகவே படிக்கிறாள். அடுத்த புத்தகத்தை அவளையே எடுக்கச் சொல்லுங்கள்.