முடிவெடுக்க இயலாத, ஆதரவற்ற பெரியவர்களுக்கு அரசே பாதுகாவலரை அமர்த்தினால் எவ்வளவு செலவாகும்? நம் ஊர் அதைத் தாங்குமா?

சுருக்கமான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரி போன்ற ஒரு சிறிய மாவட்டத்தில், ஒருவருக்கு மாதம் ஏறத்தாழ 3,000 ரூபாய் செலவில் இதை ஒழுங்காக நடத்த முடியும் என்பது என் கணிப்பு. 1,000 ரூபாயிலும் நடத்தலாம். ஆனால் அப்போது பாதுகாவலர் என்ற பெயர் கோப்பில் மட்டும் இருக்கும். இவை அரசு வெளியிட்ட எண்கள் அல்ல, நானே போட்டுப் பார்த்த கணக்கு. எப்படிப் போட்டேன் என்பதைக் கீழே விளக்குகிறேன்.

நான் கருவூலத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன், தக்கலையில் வசிக்கிறேன். என் தம்பிக்கு அறிவுசார் குறைபாடு உண்டு. அம்மா இறந்த மறு ஆண்டு, 2010இல், அவனுக்குச் சட்டப்பூர்வ பாதுகாவலராக நியமிக்கப்பட்டேன். பிற்பாடு, பக்கவாதத்தால் நினைவிழந்து கிடந்த என் சித்திக்காக உயர் நீதிமன்றம் வரை அலைந்தேன். ஒரே குடும்பத்தில், ஒரே நோக்கத்துக்காக, இரண்டு முற்றிலும் வேறான வழிகளில் நடந்தவன் என்பதால்தான் இந்தக் கேள்விக்கு விடை எழுதத் துணிகிறேன்.

தம்பியின் வழி எளிதாக இருந்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கு நிலைகளில் உள்ளவர்களுக்கு 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் பொருந்தும். மாவட்ட ஆட்சியர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் ஒன்றின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோர் அடங்கிய உள்ளூர் அளவிலான குழு விண்ணப்பத்தைப் பரிசீலித்துப் பாதுகாவலரை நியமிக்கிறது. வழக்கறிஞர் தேவையில்லை. மருத்துவச் சான்று, உறுதிமொழிப் பத்திரம், நாகர்கோவிலுக்குச் சில முறை பேருந்துக் கட்டணம் ஆகியவற்றோடு என் செலவு முடிந்துவிட்டது. நியமனம் பெற்ற ஆறு மாதத்துக்குள் தம்பியின் சொத்துப் பட்டியலையும், ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த மூன்று மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கையும் நான் கொடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. கணக்கு எழுதுவது எனக்குப் பழகிய வேலை. ஆனால் அந்தத் தாளைப் பார்த்து, தம்பி நேற்று சாப்பிட்டானா, முதுகில் புண் இருக்கிறதா, என்னைக் கண்டால் அஞ்சுகிறானா என்று எந்த அதிகாரியாலும் சொல்லிவிட முடியாது. வீட்டுக்கு வந்து பார்ப்பவருக்குத்தான் அது தெரியும்.

சித்தியின் வழிக்கு வருகிறேன். அவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, சித்தப்பா முன்பே காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. திருவட்டாறு பக்கத்தில் 62 சென்ட் ரப்பர் தோட்டம், வங்கியில் நிரந்தர வைப்பு, மாத ஓய்வூதியம் என்று யாரிடமும் கையேந்தத் தேவையில்லாத நிலையில் இருந்தவர். எதற்கும் இருக்கட்டும் என்று என் பெயரில் பவர் பத்திரமும் எழுதிப் பதிவு செய்து வைத்திருந்தார். 2021இல் பக்கவாதம் வந்து, திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் மூன்று வாரங்கள் கிடந்து, கண் திறக்காமலேயே வீடு திரும்பினார். பத்திரத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனபோதுதான், எழுதிக் கொடுத்தவர் சித்தம் இழந்த அன்றே அது செல்லாமல் போய்விட்டது என்பதைத் தெரிந்துகொண்டேன். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 201ஆம் பிரிவு. எந்த நாளுக்காக அவர் அதை எழுதி வைத்தாரோ, அந்த நாளில் அது உதவவில்லை. கையெழுத்திட முடியாத முதியவர்கள் விரல் ரேகையோ கால் பெருவிரல் ரேகையோ வைத்துப் பணம் எடுக்க வங்கிகளில் வழி உண்டு. ஆனால், தான் என்ன செய்கிறோம் என்பதை அறிந்தவருக்குத்தான் அது பொருந்தும். அந்த மேலாளர்மீது எனக்கு வருத்தமில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் மறுத்திருப்பேன்.

தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் நான்கு நிலைகளுக்குள் சித்தி வரமாட்டார். மனநோயுற்றவருக்குப் பாதுகாவலரையும் அவருடைய சொத்துக்கு மேலாளரையும் நியமிக்கும் வழி 1987ஆம் ஆண்டின் பழைய மனநலச் சட்டத்தில் இருந்தது. அதை நீக்கிவிட்டு வந்த 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் அந்தப் பகுதி இடம்பெறவில்லை. 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டமோ சிறார்களுக்கானது. ஆகவே நினைவிழந்தவர்களின் குடும்பத்தார், அரசமைப்புச் சட்டத்தின் 226ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்ய வேண்டியிருக்கிறது. கேரள உயர் நீதிமன்றம் 2019இல் இதற்கென்றே நெறிமுறைகளை வகுத்திருந்தது. மருத்துவக் குழுவின் பரிசோதனை, வட்டாட்சியர் நிலைக்குக் குறையாத வருவாய் அலுவலர் நேரில் சென்று பார்த்துக் கொடுக்கும் அறிக்கை ஆகியவை அவற்றில் உண்டு. தகுந்த உறவினர் இல்லாவிட்டால் சமூக நல அலுவலர் போன்ற ஓர் அரசு அலுவலரையே பாதுகாவலராக நியமிக்கலாம் என்பதும் உண்டு. நம் மாவட்டத்து நோயாளிகளில் பலர் எல்லை தாண்டித் திருவனந்தபுரத்தில் படுத்திருப்பவர்கள். நிலமோ இந்தப் பக்கம் இருக்கும். எந்த நீதிமன்றத்துக்குப் போவது என்று வழக்கறிஞரே இரண்டு நாள் யோசித்தார். கடைசியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மனுப் போட்டோம்.

ஐந்து மாதங்கள் ஆயின. ஏழு முறை மதுரைக்குப் போனேன். கட்டணம், ஆவணம், பயணம் எல்லாம் சேர்ந்து 85,000 ரூபாய். அந்த ஐந்து மாதமும் சித்தியின் ஓய்வூதியம் அவருடைய கணக்கில் தவறாமல் வந்து விழுந்துகொண்டிருந்தது. ரப்பர் மரங்களில் பால்வெட்டும் நடந்தது. ஆனால் மாதம் 22,000 ரூபாய் ஹோம் நர்ஸ் சம்பளத்துக்கு என் மனைவியின் நகையை அடகு வைத்தேன். உத்தரவு வந்த பிறகு மீட்டுவிட்டோம். வட்டி போனது போனதுதான். 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று, நினைவிழந்த கணவருக்கு மனைவியையே பாதுகாவலராக நியமித்து, சிகிச்சைக்காகச் சொத்தை விற்கவும் அனுமதி தந்தது. அதற்கு முன்னர் ஒரு தனி நீதிபதி, உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகும்படி திருப்பி அனுப்பியிருந்த வழக்கு அது. பாதை சற்று அகலமாகியிருக்கிறது. என்றாலும் அது உறவு உள்ளவர்களுக்கான பாதை. மனுப் போட ஆளில்லாதவரை யார் கூட்டிக்கொண்டு போவார்?

அப்படிப்பட்டவர்கள் இங்கே குறைவு என்று நினைக்க வேண்டாம். பிள்ளைகள் வளைகுடாவிலும் பெங்களூரிலும் இருக்க, பூட்டிய வீட்டுக்குள் மறதி நோயோடு தனியே இருக்கும் பெற்றோர் என் தெருவிலேயே உண்டு. கன்னியாகுமரி இருப்புப்பாதை முடியும் ஊர். வடக்கே எங்கோ ரயிலேறி, இதற்கு மேல் போக வழியில்லாமல் இறங்கி நிற்கும், தன் பெயரே சொல்லத் தெரியாதவர்களையும் பார்த்திருக்கிறேன். கருவூலத்தில் இருந்தபோது, பெற்றோர் இறந்த பின் மாற்றுத்திறனாளி மகனுக்கோ மகளுக்கோ குடும்ப ஓய்வூதியம் உரியது என்பதில் ஐயமில்லாமலும், அவருக்காகக் கையெழுத்திட ஆளில்லாமலும் தேங்கிய கோப்புகளைக் கண்டிருக்கிறேன்.

இனி கணக்கு. ஒரு பணியாளருக்கு மாதச் சம்பளம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இருசக்கர வாகன எரிபொருள், தொலைபேசி, அலுவலக அறையின் பங்கு ஆகியவற்றுக்கு 8,000. அவர் எழுதும் கணக்கைச் சரிபார்க்கும் தணிக்கையாளர், அவ்வப்போது தேவைப்படும் சட்ட உதவி, மருத்துவர் மதிப்பீடு ஆகியவற்றின் பங்கு 12,000. ஆக 60,000. அவரிடம் 20 பேரை ஒப்படைத்தால் தலைக்கு 3,000 ரூபாய். 60 பேரை ஒப்படைத்தால் 1,000 ரூபாய். மாவட்டத்தில் முதற்கட்டமாக நூறு பேரை எடுத்துக்கொண்டால் ஐந்து பணியாளர்கள்; ஆண்டுக்கு 36 லட்சம். சித்திக்காக நான் செலவிட்ட 85,000 ரூபாயில் இப்படிப்பட்ட ஒரு பணியாளரின் சேவை ஒருவருக்கு 28 மாதங்கள் கிடைத்திருக்கும்.

இருபது என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் பொதுப் பாதுகாவலர் திட்டங்களை, அதாவது ஆதரவற்றவர்களுக்கு அரசே பாதுகாவலரை அமர்த்தும் திட்டங்களை, ஆராய்ந்தவர்கள் ஒரு பணியாளருக்கு இருபது பேர் என்ற அளவைத்தான் பரிந்துரைத்திருக்கிறார்கள். வாஷிங்டன் மாநிலத்தின் பொதுப் பாதுகாவலர் அலுவலகமும் அந்த வரம்பையே வைத்தது. அதை நம் ஊருக்குப் பொருத்திப் பார்த்தேன். ஆரல்வாய்மொழியிலிருந்து நீரோடி வரை சிதறிக் கிடக்கும் வீடுகளில் ஒரு நாளைக்கு மூன்று வீடு போவதே பெரிது. இருபது பேரை மாதம் இருமுறை பார்ப்பதென்றால் 40 சந்திப்பு, ஏறத்தாழ 13 நாள். மீதி ஒன்பது வேலை நாள்கள் வங்கிக்கும் மருத்துவமனைக்கும் கணக்குக்கும் கிடைக்கும். அறுபது பேரை மாதம் ஒருமுறை பார்ப்பதற்கே இருபது நாள் போய்விடும். அப்புறம் என்ன நடக்கும் என்பது அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும்: வீட்டுக்குப் போகாமலேயே போனதாக நாட்குறிப்பு எழுதப்படும். செலவைக் குறைக்க வேண்டுமென்று நிதித்துறை முதலில் கை வைக்கும் இடம் இதுவாகத்தான் இருக்கும் என்பதால் இதை இவ்வளவு விரித்துச் சொல்கிறேன்.

வாஷிங்டனில் இன்னொன்றும் தெரியவந்தது. அந்த மாநிலத்தின் பொதுக்கொள்கை ஆய்வு நிறுவனம் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பாதுகாவலருக்கு ஆன செலவைவிட, அந்த நபர்களின் தங்குமிடச் செலவில் ஏற்பட்ட குறைவு 30 மாதக் காலத்தில் அதிகமாக இருந்தது. முடிவெடுக்க ஒருவர் இருந்ததால், தேவைக்கு மீறிய காப்பகத்திலிருந்து தகுந்த இடத்துக்கு மாற்ற முடிந்தது. நம் ஊரில் இந்த மிச்சம் அதே அளவில் கிடைக்காது. அங்கே அந்தக் காப்பகச் செலவை அரசு கட்டுகிறது. இங்கே அரசு தருவது கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கான மாதம் 2,000 ரூபாய்ப் பராமரிப்பு உதவித்தொகை போன்றவைதாம். மீதியை வீட்டிலுள்ள பெண்கள் உழைப்பாகக் கொடுக்கிறார்கள். தம்பியைக் குளிப்பாட்டுவது என் மனைவி. பதினைந்து ஆண்டுகளாக நான் எழுதும் கணக்கில் அதற்கு ஒரு பத்தியும் கிடையாது. ஆகவே, “வெளிநாட்டில் லாபம் வந்தது, இங்கும் வரும்” என்று சொல்லி யாராவது இத்திட்டத்தை விற்க வந்தால் நான் நம்பமாட்டேன். இங்கே இதைச் செலவு என்று ஒப்புக்கொண்டே தொடங்க வேண்டும்.

யார் கட்டுவது? இங்கிலாந்தில் பொதுப் பாதுகாவலர் அலுவலகம் தானே யாருக்கும் பாதுகாவலராக இருப்பதில்லை. நீதிமன்றம் அமர்த்தியவர்களைக் கண்காணிக்கிறது. அதற்காக ஆண்டுக்கு 320 பவுண்டு கட்டணம் வாங்குகிறது. வருமானம் குறைந்தவர்களுக்குச் சலுகை உண்டு. இந்த முறை நம் மாவட்டத்துக்கு ஓரளவு பொருந்தும் என்று நினைக்கிறேன். நிலமும் வைப்புத்தொகையும் இருந்தும் அவற்றைத் தொட முடியாமல் பட்டினி கிடப்பவர்கள் இங்கே உண்டு. சித்தியே அதற்குச் சாட்சி. அப்படிப்பட்டவர்களிடம் மாதம் 3,000 ரூபாயை முழுமையாகவே வாங்கலாம். ரயிலில் வந்து இறங்கியவருக்கு அரசு கட்டட்டும். ஆனால் காப்பவரும் கணக்குப் பார்ப்பவரும் ஒரே அலுவலகத்தில் இருக்கக் கூடாது. ரோட்டோரத்து ரப்பர் நிலம் என்ன விலை போகிறது என்று தெரிந்தவர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. தணிக்கைக்கு நான் ஒதுக்கிய தொகையைக் குறைக்கச் சம்மதிக்கவே மாட்டேன்.

சட்டம் புதிதாக வேண்டுமா என்றால், பாதி ஏற்கெனவே இருக்கிறது. 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி, மனநோயுற்றவருக்கு நியமனப் பிரதிநிதியாக (சிகிச்சை முடிவுகளில் துணை நிற்பவராக) வேறு எவரும் கிடைக்காவிட்டால், சமூக நலத்துறை இயக்குநரையோ அவர் குறிப்பிடும் பிரதிநிதியையோ மனநல மறுஆய்வு வாரியம் நியமிக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட முடிவுக்கு மட்டும், அவருடைய விருப்பப்படியே செயல்படும் வரையறுக்கப்பட்ட பாதுகாவலரை அனுமதிக்கிறது. இந்த இரண்டாவது வழியைத் தாராளமாகப் பயன்படுத்தினால் செலவும் குறையும். ஒரு வங்கிக் கணக்கைத் திறக்க மட்டும் துணை வேண்டியவரின் முழு வாழ்வையும் பிறர் கையில் ஒப்படைக்கும் கொடுமையும் குறையும். மாற்றுத்திறனாளி அமைப்புகள் பாதுகாவலர் முறையையே எதிர்ப்பதில் எனக்கு ஓரளவு உடன்பாடு உண்டு. தம்பிக்குத் தன் சட்டை நிறத்தையும், யாரோடு கோயில் கொடைக்குப் போவது என்பதையும் முடிவு செய்யத் தெரியும். அதில் நான் தலையிடுவதில்லை.

கேள்வி கேட்டவர் தம் வீட்டுக்காகவும் கேட்டிருந்தால், செலவே இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நினைவு தெளிவாக இருக்கும்போதே, மனநலச் சிகிச்சை தொடர்பான முடிவுகளுக்கு நியமனப் பிரதிநிதியை ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையொப்பமிட்டாலே போதும், முத்திரைத்தாள் தேவையில்லை. சொத்துக்கு அது பயன்படாது. வங்கிக் கணக்கைப் பொறுத்தவரை, நம்பிக்கையான ஒருவரோடு கூட்டுக் கணக்காக, இருவரில் யாரும் இயக்கலாம் என்ற நிபந்தனையோடு வைத்திருந்தால் எங்களுக்கு அந்த ஐந்து மாதம் சற்று எளிதாக இருந்திருக்கலாம்; உங்கள் வங்கியில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வழக்கென்று வந்துவிட்டால், மாற்றுத்திறனாளிகளுக்கும் பெண்களுக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார்; எனக்கு இது பிறகுதான் தெரிந்தது.

எனக்கு இப்போது 64 வயது, தம்பிக்கு 46. எனக்குப் பின் யார் என்ற கேள்விக்கு, மஸ்கட்டில் இருக்கும் மகன் அங்கிருந்து ஒன்றும் செய்ய முடியாது. ஓசூரில் வேலை பார்க்கும் மகள், “சித்தப்பாவை நான் பார்த்துக்கிடுதேன்ப்பா” என்று சொல்லியிருக்கிறாள். மருமகனிடம் இன்னும் பேசவில்லை. அடுத்த விடுமுறைக்கு அவர்கள் வரும்போது கேட்க வேண்டும்.